மகளிர் ஆண்டில் ஒரு நன்றியுரை

ராஜகிரீடம் மோட்டார்ஸின் பொது மேலாளர் ஆதிநாராயணனுக்குப் பெண்கள்மீது அளவு கடந்த மரியாதை. அதனால்தான் அவர்களைத் தொழிற்சாலைக்குள் விடவில்லை.

இதை அவரே, கும்மிடிப்பூண்டி வெயிலிலும் கழற்றாத கோட்டோடு தன் அறையில் உட்கார்ந்து, அலர்மேல்மங்கையிடம் விளக்கினார். 1975ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் அது. அலர்மேல்மங்கை சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் விரிவுரையாளர். அவளுடைய துறையில் இறுதியாண்டில் அறுபது பேர் படித்தார்கள். அதில் நான்கு பேர் பெண்கள். எல்லோரும் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் ஆறு வாரம் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் பட்டம். பையன்கள் அத்தனை பேருக்கும் இடம் கிடைத்துவிட்டது. அம்மீட்டரைத் தப்பாக இணைத்து அதை இரண்டு முறை எரித்த ஒரு பையனுக்கு இரண்டு தொழிற்சாலைகளில் இடம் கிடைத்தது. பெண்களுக்கு மட்டும் எங்கும் இல்லை. சிலர் பதிலே போடவில்லை. சிலர் "பெண் குலத்தின் உயர்வை விரும்பும்" என்று கையெழுத்துக்கு மேலே எழுதி மறுத்திருந்தார்கள்.

"மனசு இல்லாம இல்ல மேடம்," என்றார் ஆதிநாராயணன். "லேடீஸ் லெட்ரின் இல்ல. பொம்பளைங்க வேலை செய்யற எடத்துல தனியா இருக்கணும்னு ஃபேக்டரி சட்டம் சொல்லுது. நான் சட்டத்தை மீறுற ஆள் இல்ல. அது ஒண்ணுதான் தடை."

"கட்டலாமே சார்."

"பொம்பளைங்களே இல்லாத எடத்துல யாருக்குன்னு கட்டறது? ஆடிட்டர் கேப்பாரே!"

"பெண்களை எடுக்கலாமே."

"லெட்ரினே இல்லாத எடத்துல எப்படி எடுக்கறது?"

ராஜகிரீடம் தயாரிக்கும் மோட்டார்கள்கூட இவ்வளவு சீராகச் சுற்றாது என்று அலர்மேல்மங்கைக்குத் தோன்றியது. வணக்கம் சொல்லி வெளியே வந்தாள்.

கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில் சம்பூர்ணம் நின்றிருந்தாள். அவளை வாட்ச்மேன் முனுசாமி உள்ளே விடவில்லை. நான்கு பெண்களில் மதிப்பெண்ணில் முதல் இவள்தான். பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்கும் லோகநாதனின் மகள். அவள் குப்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த பெண்களே விரல்விட்டு எண்ணும்படிதான்.

"இன்னா மேடம், அதே கக்கூஸா?"

"அதே."

"அஞ்சு வருஷமா நம்ம காலேஜுல லைப்ரரிக்குப் பின்னாடி இருக்கறதுக்கு அரை மைல் நடந்து போய்க்கினு வந்துக்கினு படிச்சேன். எனக்கு வராத பேஜாரு இந்தாளுக்கு இன்னாத்துக்கு?"

"உன்மேல மரியாதையாம்."

"மரியாதைய அவரே வெச்சுக்கட்டும். ட்ரெய்னிங் இல்லேன்னா பட்டம் இல்ல. பட்டம் இல்லேன்னா ஊட்டுல மணவாளன்தான். எங்க மாமன் மவன். தெனம் வந்து வாசல்ல குந்திக்கினு எங்கம்மா கிட்ட எறா வெலை சொல்லிக்கினு இருக்கான். அவன் நல்லவன்தான் மேடம். ஆனா அவன் பேச்சுல எறாவ உட்டா வேற ஒண்ணும் இல்ல."

அலர்மேல்மங்கை சிரிக்கவில்லை. முப்பத்தெட்டு வயதில், கல்யாணம் செய்துகொள்ளாமல், திருவள்ளூர் கோயில் தெருவிலிருந்து தினமும் ரயிலேறி வந்து மின்காந்தவியல் நடத்துகிறவள் அவள். அவளுக்கும் ஒரு காலத்தில் வாசலில் வரன்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இறால் விலைகூடத் தெரியாது.

அந்த வருஷத்தைச் சர்வதேச மகளிர் ஆண்டு என்று அறிவித்திருந்தார்கள். கல்லூரியில் அதைச் சிறப்பாகவே கொண்டாடினார்கள். 'பெண்மையின் மேன்மை' என்ற தலைப்பில் ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் ஆண்கள். மாணவிகளுக்கும் பங்கு இருந்தது. பிஸ்கட்டும் காபியும் அவர்கள்தான் கொடுத்தார்கள்.

பங்குனி முடியும் சமயத்தில் கல்லூரி முதல்வர் ராமானுஜம் அலர்மேல்மங்கையைக் கூப்பிட்டனுப்பினார். முகம் மலர்ந்திருந்தது.

"ராஜகிரீடத்துலேர்ந்து நம்ம நாலு மாணவிகளையும் அனுப்பச் சொல்லி லெட்டர் வந்திருக்கும்மா."

"பயிற்சிக்கா சார்?"

"பன்னீர் தெளிக்க."

புதிதாகக் கட்டிய வைண்டிங் ஷாப்பின் திறப்பு விழா. மோட்டாருக்குள் செப்புக் கம்பியைச் சுற்றும் கூடம் அது. நிறுவனத்தின் சேர்மன் பம்பாயிலிருந்து மனைவியோடு வருகிறார். மகளிர் ஆண்டாயிற்றே, மேடையில் ஒரு பெண்ணாவது பேசியே ஆகவேண்டும் என்று தந்தி கொடுத்திருக்கிறார். நானூறு ஆண்கள் வேலை செய்யும் இடத்தில் ஆதிநாராயணன் எங்கே போவார்? கடைசியில் பிப்ரவரி மாதம் வந்துபோன விரிவுரையாளர் அம்மாள் ஞாபகத்துக்கு வந்தாள். வரவேற்புரை அவரே செய்வார், தலைமையுரை சேர்மன், வாழ்த்துரைக்கு ஊர்ப் பெரிய மனிதர்கள். மிச்சம் இருந்தது நன்றியுரை.

நன்றியுரையால் இதுவரை ஒருவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை. முன்வரிசை செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருக்கும். பின்வரிசை சாம்பார் வாசனையை மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும். பேசுகிறவர் சேர்மனில் ஆரம்பித்து சோடாக்காரர் வரை வந்து முடித்தால், தேசிய கீதம். பிறகு இலை. அதனால்தான் எல்லா விழாவிலும் அதை ஒரு பெண்ணிடம் தைரியமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

"பெரிய கௌரவம் இது," என்றார் ராமானுஜம். "பட்டுப்புடவையில வரச் சொல்லுங்கோ எல்லாரையும்."

செய்தி கேட்டு சம்பூர்ணம் கணக்குப் போடும் ஸ்லைடு ரூலை மேஜைமேல் வீசினாள். "பன்னீர் தெளிக்க உள்ள உடுவாங்க, காயில் சுத்த உடமாட்டாங்களா? நான் வரல மேடம். என்கிட்ட பட்டும் இல்ல."

"பட்டு நான் தரேன். நீ வா. சட்டப்படி நாம உள்ளே காலே வைக்கக்கூடாது இல்லையா? அந்தச் சட்டத்தை அன்னிக்கு எங்கே மடிச்சு வைக்கறார்னு பார்க்க வேண்டாமா?"

விழா நாளன்று விடியற்காலையில் அலர்மேல்மங்கை தயாராகிக்கொண்டிருந்தபோது, கோயில் கைங்கர்யத்துக்குக் கிளம்பிய அப்பா சடகோபன் வாசலில் நின்றார். மகள் கூஜாவில் காபி ஊற்றிக்கொண்டே மனப்பாடம் செய்வது அவர் காதில் விழுந்திருந்தது.

"ஏண்டி அலமேலு, மேடையேறியும் அந்தக் கக்கூஸ் விஷயம்தானா? வேற நல்ல வார்த்தையே கிடைக்கலையா உனக்கு?"

"இதுவரைக்கும் நல்ல வார்த்தையைத்தான் அவா பேசிண்டிருக்கா அப்பா. நான் வேறதைப் பேசிப் பார்க்கறேன்."

"தெருவில கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"நன்றி சொல்லப் போயிருக்கான்னு சொல்லுங்கோ. பொய் இல்லை."

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே ஜில்லா. ஆனால் ரயிலில் போவதென்றால் மெட்ராஸ் வரை போய்த்தான் திரும்ப வேண்டும். நான்கு மாணவிகளையும் சென்ட்ரலில் சேர்த்துக்கொண்டு, பட்டுப்புடவைகள் கசங்காமல் நின்றபடியே வந்து இறங்கினாள்.

அன்று கேட்டில் முனுசாமி சல்யூட் அடித்தான். மாலை போட்ட பூசணிக்காய், வாழைமரம், 'பெண்மை வெல்க' என்று சிவப்புத் துணியில் ஒரு பேனர்.

"வாங்கம்மா, வாங்கம்மா. இன்னிக்கு உங்களுக்கு ஃப்ரீ."

"எங்க முனுசாமி சட்டம்?" என்றாள் சம்பூர்ணம்.

"அதுக்கும் வழி பண்ணிட்டாங்கமே. தெரியாதா? புது கக்கூஸு கட்டிக்கிறாங்க. சேர்மன் சம்சாரம் வருதில்ல, அதுக்கு. ஒரே வாரம்! கொத்தனார ராவும் பகலும் நிறுத்தி வேலை வாங்கிக்கினாரு ஜிஎம்மு. வெள்ள டைல்ஸு. மூஞ்சி பாக்கக் கண்ணாடி. எங்க ஊட்டுச் சோத்துப் பானகூட அவ்ளோ பளபளன்னு இருக்காது."

அலர்மேல்மங்கை நின்றுவிட்டாள். "எங்கே இருக்கு?"

"வைண்டிங் ஷாப்ப ஒட்னாப்புல. போர்டுகூட போட்டுக்கிறாங்க."

போய்ப் பார்த்தார்கள். சுண்ணாம்பு ஈரம் காயவில்லை. தோரணம் கட்ட வந்தவன் எது எது புதுக் கட்டடமோ அதற்கெல்லாம் கட்டிக்கொண்டே போனதில் இதற்கும் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தான். கதவுக்கு மேலே நீல எழுத்தில் 'மகளிர்'. சம்பூர்ணம் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்க் குழாயைத் திருகினாள்.

"மேடம்! தண்ணி வருது மேடம்!" என்று உள்ளேயிருந்து கூவினாள். "சட்டம் ஒரே ஸ்பீடா வருது!"

விழா எல்லா விழாவையும் போலத்தான் நடந்தது. மாணவிகள் பன்னீர் தெளித்தார்கள். சேர்மன் மனைவி குத்துவிளக்கை ஏற்றினாள். அவள் முகத்தில், ஏற்றவேண்டிய விளக்குகள் இன்னும் நிறைய இருக்கின்றன என்ற களைப்பு இருந்தது. ஆதிநாராயணன் முக்கால் மணி நேரம் வரவேற்றார். பெண்ணை விளக்கு என்றார், கொடி என்றார், நதி என்றார், பூமி என்றார். அவர் பட்டியலில் பெண் என்ஜினியர் என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாமாக இருந்தாள். கூட்டத்தின் பின்னால் நின்ற தொழிலாளிகளில் ஒருவர், "இவ்ளோ பாசம் நம்ம மேல இருந்தா போனஸ் வந்திருக்கும்," என்றார்.

வாழ்த்துரைகள் ஒவ்வொன்றாக வாழ்த்தி ஓய்ந்தன. சமையற்கட்டிலிருந்து நெய் மணம் வந்தது. அலர்மேல்மங்கை மைக் முன்னால் வந்தாள்.

சேர்மனுக்கு நன்றி சொன்னாள். விளக்கேற்றிய அம்மையாருக்கு, பந்தல் போட்டவருக்கு, மைக் செட் குப்புராஜுக்கு, சோடாவுக்கு. யாரும் கேட்கவில்லை. செருப்புகள் துழாவப்பட்டன. பிறகு அவள், "இறுதியாக," என்றாள். மொத்தக் கூட்டமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. அவ்வளவு பேரும் அன்று முழுக் கவனத்தோடு கேட்ட முதல் சொல் அதுதான்.

"இறுதியாக, பொது மேலாளர் திரு. ஆதிநாராயணன் அவர்களுக்கு எங்கள் கல்லூரியின் தனி நன்றி. எங்கள் மாணவிகளை இங்கே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளவேண்டும் என்று பிப்ரவரி மாதம் அவரிடம் கேட்டேன். எனக்கு மனமிருக்கிறது, ஒரே ஒரு தடைதான், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை என்றார்."

கழிப்பறை என்ற சொல்லைக் குப்புராஜின் ஒலிபெருக்கி நான்கு திசைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர் சந்தனத்தைக் கைதவறித் தன் சட்டையிலேயே பூசிக்கொண்டார்.

"வேறு ஒருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். இவர் விடவில்லை. மகளிர் ஆண்டிலேயே, ஒரே வாரத்தில், வெள்ளை ஓடு பதித்து, குழாய் வைத்து, கண்ணாடி மாட்டி, 'மகளிர்' என்று பலகையும் எழுதிவிட்டார். நாங்கள் போய்ப் பார்த்தோம். தண்ணீர் நன்றாக வருகிறது. இருந்த ஒரே தடையும் நீங்கிவிட்டதால், எங்கள் மாணவிகள் நால்வரும் வருகிற திங்கட்கிழமை முதல் ஷிஃப்டுக்குப் பயிற்சிக்கு வந்துவிடுவார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவருக்கு நன்றி!"

சேர்மன் தட்டினார். சேர்மன் தட்டினால் தட்டவேண்டும் என்பது ராஜகிரீடத்தில் எழுதாத விதி. பெரிய மனிதர்கள் தட்டினார்கள். தொழிலாளிகள் விசிலடித்தார்கள். சேர்மன் மனைவி, அன்றைக்கு முதல் தடவையாக, விழித்துக்கொண்டு தட்டினாள். ஆதிநாராயணன் எழுந்து, "ஒரு சின்ன விளக்கம்..." என்று மைக்கை நோக்கி வந்தார்.

"தேசிய கீதம்," என்றாள் அலர்மேல்மங்கை.

மைக்கைச் சுற்றித் தயாராக நின்ற நான்கு பெண்களும் உடனே பாட ஆரம்பித்தார்கள். ஆதிநாராயணன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு விறைத்து நின்றார். கண் மட்டும் உருண்டது. வாய் பாதி திறந்திருந்ததால் பார்த்தவர்களுக்கு அவர்தான் எல்லோரையும்விட உணர்ச்சியோடு பாடுவதாகத் தோன்றியது. சம்பூர்ணத்துக்கு ராகம் சரியாக வராது. ஆனாலும் அன்று அவள் குரல்தான் ஓங்கிக் கேட்டது.

பாட்டு முடிந்ததும் சேர்மன் வந்து ஆதிநாராயணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஆதி! எங்கிட்ட சொல்லவே இல்லையே! பம்பாய்ல கூட நாம இதைப் பண்ணல."

"உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சார்," என்றார் ஆதிநாராயணன்.

பாயசம் வருவதற்குள் அவர் அதை நம்பவும் தொடங்கிவிட்டார். மோர் சாதத்தின்போது பக்கத்து இலைக்காரரிடம், பெண் முன்னேற்றம் தன் வெகுநாள் கனவு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் சேர்மன் பம்பாய்க்கு விமானம் ஏறியதும் கனவு கலைந்தது. திங்கட்கிழமை காலை நான்கு பெண்களும், கூடவே அலர்மேல்மங்கையும், காக்கிச் சட்டை கால்சட்டையோடு வந்து நின்றபோது 'மகளிர்' கதவில் ஒரு பித்தளைப் பூட்டு தொங்கியது.

"சாவி ஜிஎம்மு கைலமா," என்றான் முனுசாமி. அவனுக்கே வெட்கமாக இருந்தது.

ஆதிநாராயணன் வருத்தத்தோடு பேசினார். "அது சேர்மன் வொய்ஃப் மாதிரி விஐபிங்களுக்குன்னு கட்டினது மேடம். தெனம் பொழங்கினா டைல்ஸ் போயிடும். வேற கட்டுற வரைக்கும் ட்ரெய்னிங்கைக் கொஞ்சம் தள்ளி வெப்போமே."

"தள்ள வேண்டாம் சார். அதுவரைக்கும் உங்க ரூம்ல இருக்கறதை உபயோகிச்சுக்கறோம்," என்றாள் அலர்மேல்மங்கை. "சம்பூர்ணம், நீ போயிட்டு வாம்மா. சார் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார். பெண்கள்மேல மரியாதை உள்ளவர்."

"மேடம், அது என்னோட பர்சனல்..." அவர் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் சம்பூர்ணம் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். அவசரமில்லாமல் இருந்தாள். அவசரமில்லாமல் வெளியே வந்தாள். கதவைப் பணிவோடு சாத்தினாள்.

"சார், உள்ள முடிக்குப் போடற கறுப்பு மை பாட்டில் மூடி இல்லாம இருக்குது. கொட்டிடப்போவுது. மூடி வெச்சுட்டு வந்தேன்."

குமாஸ்தா சின்னதுரை கையிலிருந்த ஃபைலை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டான். ஃபைல் குலுங்கியது. ஆதிநாராயணனின் கை தன்னையறியாமல் தலைக்குப் போய் வந்தது.

"அடுத்து யாரும்மா?" என்றாள் அலர்மேல்மங்கை.

சாவி மேஜை டிராயரிலேயே இருந்தது. அதை அவரே எடுத்துக் கொடுத்தார்.

அதோடும் முடியவில்லை. வைண்டிங் ஷாப்பில் ஓர் உத்தரவு காத்திருந்தது. தரையில் மஞ்சள் பெயின்டில் நீளமாக ஒரு கோடு. பயிற்சிக்கு வந்த பெண்கள் அதற்குப் பின்னால் நின்று பார்க்கலாம், எதையும் தொடக்கூடாது. கூடத்தின் சூப்பர்வைசர் ஆசீர்வாதம் உத்தரவைப் படித்துக் காட்டிவிட்டு மூக்கைச் சொறிந்தார்.

"என்னை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. மேலேர்ந்து வந்தது."

அலர்மேல்மங்கை மாணவிகளைப் பார்த்தாள். "நான் பகல் வண்டிக்குக் கிளம்பிடுவேன். நாளையிலேர்ந்து தினம் வர முடியாது. இங்கே நின்னு ஆறு வாரம் பார்த்தா, சான்றிதழ்ல 'பார்த்தார்'னு எழுதிக் கொடுப்பாங்க. அதை வெச்சுண்டு எந்த மோட்டாரும் ஓடாது. அப்புறம் உங்க இஷ்டம்."

சம்பூர்ணம் கோட்டைத் தாண்டினாள். அதற்காக மூச்சை இழுத்துப் பிடிக்கவுமில்லை, யாரையும் பார்க்கவுமில்லை. பக்கத்து மேஜையில், பாதி கம்பி சுற்றிய ஸ்டேட்டர் ஒன்று, மோட்டாரின் சுழலாத வெளிப்பாகம், இருந்தது. "அண்ணே, இந்தக் காயில் எத்தினி சுத்து?" என்று அங்கே நின்றவரிடம் கேட்டாள். அவர் ஆசீர்வாதத்தைப் பார்த்தார். ஆசீர்வாதம் ஜன்னலுக்கு வெளியே எதையோ உற்றுப் பார்க்கத் தொடங்கினார். சுற்று எண்ணிக்கை சொல்லப்பட்டது. மற்ற மூவரும் தாண்டினார்கள்.

மூன்றாவது வாரம், ஆதிநாராயணன் போட்டோக்காரரோடு வந்தார். சேர்மன் படம் கேட்டு எழுதியிருந்தார். நிறுவனத்தின் ஆண்டு அறிக்கையில், 'மகளிர் ஆண்டில் ராஜகிரீடம்' என்று ஒரு முழுப்பக்கம்.

சம்பூர்ணம் சுற்றி முடித்த மோட்டார் சோதனை மேஜையில் இருந்தது. அவளே கம்பிகளை மாட்டியிருந்தாள். கம்பிகளின் மின்காப்பு தாங்குகிறதா என்று பார்க்க உயர் அழுத்த மின்சாரம் விடும் சோதனை. தாங்கினால் அவள் வேலைக்கு ஆசீர்வாதம் கையெழுத்துப் போடுவார். தாங்காவிட்டால் மொத்தத்தையும் பிரித்து முதலிலிருந்து சுற்றவேண்டும். அவள் உதட்டில் வியர்த்திருந்தது.

"அப்படியே நில்லும்மா," என்றார் ஆதிநாராயணன், கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தபடி மோட்டாருக்குப் பக்கத்தில் வந்து. "நான் உனக்குச் சொல்லிக் குடுக்கற மாதிரி இருக்கட்டும். நான் இங்க கை வெச்சுக்கறேன். நீ என்னைப் பார்த்துச் சிரி."

"கைய எடுங்க சார்."

"என்னது?"

"டெஸ்ட் நடக்கப்போவுது. யாரும் பக்கத்துல நிக்கக்கூடாது. அந்த மஞ்சக் கோட்டுக்கு அந்தாண்ட போய் நில்லுங்க."

கூடத்தில் சுற்றுகிற மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆசீர்வாதம் இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்கவில்லை.

"ஏம்மா, நான் யாருன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"எனக்குத் தெரியும் சார்," என்று சொல்லி சம்பூர்ணம் சுவிட்சில் கை வைத்தாள். "ரெண்டாயிரம் வோல்ட்டுக்குத் தெரியாது."

ஆதிநாராயணன் கையை எடுத்தார். ஓர் அடி பின்னால் வைத்தார். பிறகு, போட்டோக்காரரை இடித்துக்கொண்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

சம்பூர்ணம் சுவிட்சைப் போட்டாள். ஒரு நிமிஷம் முழுக்க, மின்கசிவைக் காட்டும் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முள் அசையவில்லை. காப்பு தாங்கியது.

"அண்ணே," என்றாள் ஆசீர்வாதத்திடம், "கையெழுத்துப் போடுங்க."